ஒன்றேகால் அங்குலம்

இந்தத் தொடருக்கு வாராவாரம் வருபவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் சண்டை மனப்பாடம். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி மட்டும்.

கர்நாடகத்து ஹனூர் பக்கத்து விவசாயி கரியப்பன் காலமாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. அவருடைய மகன் சிவகுமாரும் மகள் மீனாவும் பேசிக்கொள்ளாமல் இருப்பதும் ஏறக்குறைய அதே பதினான்கு மாதம்தான். காரணம் காரியத்தன்று ஊர் முனையில் வைத்த ஃபிளெக்ஸ் போர்டு. 'குறி தப்பாத கரியப்பன்' என்று மேலே பெரிய எழுத்து. கீழே மருமகன் பெயர், 'சுந்தர்'.

மீனாவின் கணவன் பெயர் சுரேந்தர்.

"ஒரு எழுத்துதானே அம்மிணி, ஆளு அதே ஆளுதானே?" என்று சிவகுமார் சிரித்துவிட்டான். மீனா அன்று மாலை பஸ்ஸிலேயே மைசூருக்குத் திரும்பிவிட்டாள்.

கரியப்பன் விட்டுப்போனது ஒரு பழைய ரெட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. பயிர்க்காவலுக்காக லைசென்ஸ் வாங்கியது. அவர் போனபின், சட்டப்படி, போலீஸ் மூலமாக மைசூர் மண்டி மொஹல்லாவில் உள்ள நயாஸ் சாகேப் துப்பாக்கிக் கடையின் இரும்பு பீரோவுக்குள் போய்விட்டது. கண் மூடுவதற்கு முன் அவர் சொன்னது இவ்வளவுதான்: "வேணுங்கறவங்க எடுத்துக்குங்க. ஆனா தெரிஞ்ச ஆளை வெச்சு நியாயமா வெலை போட்டு, மத்தவங்களுக்குச் சேர வேண்டியதக் குடுத்துரோணும்."

மக்காச்சோளக் காட்டில் பன்றித் தொல்லை. சிவகுமாருக்குத் துப்பாக்கி வேண்டும். மீனாவுக்குப் பாதி விலை வர வேண்டும். அந்த விலையைப் போடும் நாள்தான் இந்த சனிக்கிழமை.

*

மைசூர் அக்ரஹாரத்து வீட்டில் மீனா கைப்பையை மூன்றாம் முறையாகத் திறந்து பார்த்தாள். பேனா டார்ச், ஸ்டீல் டேப், மடித்த வெள்ளைத் துணி.

"துப்பாக்கிக்கு வெலை போடப் போறியா, ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்றான் சுரேந்தர், ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றியபடி.

"பதினோரு வருஷமா ஹெப்பாள் ஃபேக்டரில சிலிண்டர் செக் பண்றவ நான். குழல்னு ஒண்ணைப் பாத்தா கை சும்மா இருக்காது."

"கை இருக்கட்டும். வாய் சும்மா இருக்கட்டும். உங்கண்ணன் என்ன சொன்னாலும் சரின்னுடு. என்னை சுந்தர்னே கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பாக்கிறேன்."

"நீங்க பாப்பீங்க. நான் பாக்க மாட்டேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்ததும் அதையேதான் யோசித்தாள். விலை பேசும் இடத்தில் ஒரு வார்த்தை தடித்தால் போதும். பதினான்கு மாதம் என்பது பதினான்கு வருடமாகிவிடும். இருப்பது ஒரே ஒரு அண்ணன்.

அதற்காகத்தான் வியாழக்கிழமை யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போன் செய்திருந்தாள். "சாகேப், நான் கரியப்பன் மகள் மீனா. சனிக்கிழமை வர்றோம். வெலையக் கொஞ்சம் குறைச்சே சொல்லுங்க, ப்ளீஸ். நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம்."

*

சுரேந்தர் அவளை வாசலில் இறக்கிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான். கடைக்குள் சிவகுமாரும் அம்மா மல்லம்மாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஹனூரிலிருந்து முதல் பஸ். வாரிசு என்ற முறையில் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். சின்ன உருவம். உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்ததில் கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, டீ வேணுமான்னு கேளு," என்றான் சிவகுமார், சுவரைப் பார்த்து.

"வேணாம்னு சொல்லும்மா," என்றாள் மீனா, எதிர்ச் சுவரைப் பார்த்து.

"எனக்கு வேணும்," என்றாள் மல்லம்மா. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேசிப் பேசி என்ற தொண்டைதான் காயுது."

நயாஸ் சாகேப் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு பீரோவைத் திறந்தார். அறுபது வயது. முப்பத்தாறு வருடமாக இதே கடை. தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார்.

பச்சைத் துணியைப் பிரித்துத் துப்பாக்கியை எடுத்தார். நடுவில் மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்து, டப்பென்று மூடினார்.

"ஏனுங் சாகேபு," என்றாள் மல்லம்மா. "தகரப் பொட்டியாட்ட அடிச்சு மூடாதீங்கோ. தாழ்ப்பாளு தேஞ்சு போவும்."

அவர் ஒரு விநாடி அவளைப் பார்த்தார். மறுபடி திறந்து, மெதுவாக மூடினார். பிள்ளைகள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஆளுக்கொரு சுவரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

காதருகே வைத்துக் குலுக்கினார். "மூட்டு ஆடல. நல்லது." பிறகு இரண்டு குழல்களையும் தோளில் பதியும் மரக்கட்டையிலிருந்து தனியாகக் கழற்றி, ஒற்றை விரலில் தொங்கவிட்டு, பென்சிலால் லேசாகத் தட்டினார்.

ணங்ங்ங்...

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்கும்வரை அந்தச் சத்தம் நீடித்தது.

"நோடி, பாருங்க! ரெண்டு குழலையும் சேத்த பத்தவைப்பு விட்டுப்போயிருந்தா, விரிஞ்ச சட்டி மாதிரி சத்தம் வரும். இது பாடுது."

அடுத்து, வாசல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். வலது குழல் கண்ணாடிபோல் பளபளத்தது. இடது குழலில் அவர் முகம் சுருங்கியது.

"இதுல துருக்குழி. நிறைய இருக்கு. அப்போ முப்பதாயிரத்துக்கு மேல போகாது." சொல்லிவிட்டு, மீனாவைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் ஒரு தலையாட்டல். நீங்க கேட்ட மாதிரியே வந்துவிட்டது பாருங்கள் என்று அர்த்தம்.

மீனா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

கை சும்மா இருந்தால்தானே?

"ஒரு நிமிஷம் கொடுங்க சாகேப்." டார்ச்சை உள்ளே அடித்தாள். ஒரு கண்ணை மூடினாள். "இது குழி இல்ல."

"மேடம், முப்பத்தி ஆறு வருஷமா..."

"குழின்னா உள்ளே நிழல் விழும். இதுல நிழல் இல்ல, மேடு இருக்கு. ஈயப் படிவு. மண்ணெண்ணெய் இருக்கா?"

துணியைக் கம்பியில் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, பத்து இழுப்பு. துணி கன்னங்கரேலென்று வெளியே வந்தது. மீண்டும் டார்ச். இடது குழலும் கண்ணாடி.

"சுவர் சுத்தமா இருக்கு. பாஸ்," என்றாள், தொழிற்சாலையில் சொல்வதுபோலவே. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நயாஸ் சாகேப் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீங்களே ஏத்தறீங்களே மேடம்?" என்று முணுமுணுத்தார்.

சிவகுமாரின் முகமோ விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. "அம்மா, அம்மிணிக்கு வேலை தெரியுதும்மா!"

"அதை அவகிட்டயே சொல்லு."

அவன் சுவருக்குத் திரும்பிவிட்டான்.

*

"ஆய்த்து, குழல் முடிஞ்சது," என்றார் நயாஸ் சாகேப். "அறுபதாயிரத்துக்கு ஏறுது. இன்னும் கட்டைய மட்டும் பாக்கணும். அதுக்குள்ள நீங்க பேரைச் சரி பாத்துடுங்க. ராத்திரியே எழுதி வெச்சுட்டேன்."

கன்னடத்தில் அச்சடித்த படிவம் ஒன்றை மீனா பக்கம் நகர்த்தினார். "வாங்குறவங்க இங்க கையெழுத்து."

"நான் விக்கிறவ," என்றாள் மீனா.

"நாந்தானுங்க வாங்குறவன்," என்றான் சிவகுமார்.

நயாஸ் சாகேப் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "விளையாடாதீங்க சார். வாங்குறவங்க வெலையக் குறைன்னு சொல்வாங்க. விக்கிறவங்க ஏத்துன்னு சொல்வாங்க. என் அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். வியாழக்கிழமை மேடம் போன் பண்ணினாங்க, குறைச்சுச் சொல்லுங்கன்னு. வெள்ளிக்கிழமை நீங்க பண்ணினீங்க, நல்லா ஏத்திச் சொல்லுங்கன்னு. அப்போ மேடம் வாங்குறாங்க, நீங்க விக்கிறீங்க. இதுல நான் என்ன தப்பு எழுதினேன்?"

மீனா மெதுவாகத் திரும்பினாள். பதினான்கு மாதத்தில் முதல்முறையாக, நேராக அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"நீ எதுக்கு ஏத்தச் சொன்னே?"

சிவகுமார் காதைச் சொறிந்தான். "பாதி உனக்கு வரோணுமில்ல? கொஞ்சம் சேத்தி வரட்டும்னுதான். அந்த போர்டு... சொல்றதுக்கு வாய் வரல."

"போர்டுக்கு அபராதமா?"

"நீ எதுக்குக் குறைக்கச் சொன்னே?"

"பன்னி பூந்து மக்காச்சோளம் பூரா போச்சுன்னு அம்மா சொன்னா."

"ஒருக்கா இல்ல, ரெண்டுக்கா போச்சு," என்றான் சிவகுமார், ஏதோ பரிசு வாங்கியவன்போல.

முதலில் சிரித்தது மல்லம்மாதான். டீ சிந்தி முக்காலியெல்லாம் நனைந்தது. அடுத்து சிவகுமார். மீனா உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "ரெண்டுக்கா போச்சாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"நான் எத்தனையோ சண்டை பாத்திருக்கேன்," என்றார் நயாஸ் சாகேப். "இப்படித் தலைகீழாச் சண்டை போடுற ஜனத்தைப் பாத்ததில்லை." எழுதிய பெயர்களை அடித்துவிட்டுப் பேனாவை மறுபடி எடுத்தார். "வாங்குறவர், சிவகுமார். விக்கிறவர், மீனா. மேடம், கணவர் பேரு?"

மீனா வாயைத் திறப்பதற்குள் சிவகுமார் கையை உயர்த்தித் தடுத்தான். எழுந்து வந்து மேஜைமேல் குனிந்தான். படிவத்தில் விரலை வைத்தான்.

"நான் சொல்றேன், எழுதுங்கோ. சு. ரே. ந். தர். கன்னடத்துல 'ரே'க்கு நீட்டம் வரும். அதை மறக்காம போடுங்கோ. ஒருக்கா படிச்சுக் காட்டுங்கோ."

நயாஸ் சாகேப் படித்துக் காட்டினார். நீட்டத்தோடு.

மீனா சட்டென்று திரும்பி, அலமாரியில் இருந்த தோட்டாப் பெட்டிகளின் பெயரையெல்லாம் வாசிக்கத் தொடங்கினாள். நாலு பெட்டி வாசித்து முடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் பார்த்தாள்.

"அண்ணா... எனக்கும் ஒரு டீ சொல்லு."

*

"இனி கட்டை," என்றார் நயாஸ் சாகேப். மரத்தைத் தடவிக்கொண்டே பின்முனைக்குப் போன கை அங்கேயே நின்றது. "ஐயோ. யாரோ அறுத்திருக்காங்க. இந்த ஆணி பழைய ஆணி இல்ல."

மீனாவின் டேப் தானாக வெளியே வந்தது. விசையிலிருந்து கட்டையின் முனைவரை வைத்தாள். "பதிமூணு அங்குலம்."

"பதினாலேகால் இருக்கணும். ஒன்றேகால் அங்குலம் போச்சு. அறுத்த கட்டைய யாரும் விரும்ப மாட்டாங்க. பத்தாயிரத்தைக் கழிச்சே ஆகணும். ஐம்பது. வெளியாள் வந்து வாங்கினாலும் இதுதான், நீங்க வாங்கினாலும் இதுதான்."

சிவகுமார் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தான். முழங்கை நெருக்கியது. கட்டைவிரல் மூக்கில் போய் இடித்தது.

"ஏனுங், அப்பாரு ஆறடி. வாசல் நிலையில தலை இடிக்காம ஒரு நாளும் வீட்டுக்குள்ள வந்ததில்ல. இதை வெச்சுட்டு எப்படிச் சுட்டாரு?"

"சுட்டிருந்தா மூக்கு ஒடைஞ்சிருக்கும்," என்றார் நயாஸ் சாகேப். "இது சின்ன ஆளோட அளவு. உள்ளதைச் சொன்னா, லேடீஸ் அளவு." ஏதோ நினைத்துக்கொண்டவராக, கரியப்பனின் பழைய லைசென்ஸ் புத்தகத்தை இழுத்துப் பக்கங்களைத் தள்ளினார். மூன்றாம் பக்கத்தில் நின்றார். "ஹா! லைசென்ஸ்தாரருக்குப் பதிலா எடுத்துப் போக அனுமதி உள்ளவர்... மல்லம்மா. மனைவி."

மூன்று பேரும் முக்காலியைப் பார்த்தார்கள்.

மல்லம்மா டீயை ஊதிக்கொண்டிருந்தாள். டம்ளரில் டீ இல்லை.

"அம்மா?" என்றாள் மீனா.

"என்ன அம்மா? இத்தன வருசத்துல ஒருத்தராச்சும் என்னையக் கேட்டீங்களா?"

முக்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். மகன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள். முதலில் மடக்கித் திறந்து இரண்டு குழலிலும் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தாள். சத்தமே இல்லாமல் மூடினாள். காலை லேசாக அகட்டிவைத்து, வாசலுக்கு மேலே ஆளில்லாத மூலையைப் பார்த்துத் தோளுக்கு ஏற்றினாள். கன்னம் மரத்தில் போய்ப் படிந்தது. முழங்கை இடம் தெரிந்து உட்கார்ந்தது. டெய்லர் அளவெடுத்துத் தைத்ததுபோல.

"மாஷா அல்லா," என்றார் நயாஸ் சாகேப்.

"உங்கப்பாருக்குச் சத்தம் ஆகாது," என்றாள் மல்லம்மா. "தீவாளிக்குத் தீவாளி காதுல பஞ்சு வெச்சுக்குவாரே, மறந்து போச்சா?"

"காது வலின்னாரே!" என்றான் சிவகுமார்.

"பின்னே, பயம்னு சொல்லுவாரா? நீங்க ரெண்டு பேரும் கொள்ளேகால் ஹாஸ்டல்ல படிச்சீங்க. இங்க பன்னிக்கூட்டம் காட்டுல எறங்கும். புளியமரத்துல ஒரு தகர டின்னு கட்டித் தொங்கவுட்டிருந்தோம். அவரு டார்ச் அடிப்பாரு, ஒரு கையால காதைப் பொத்திக்கிட்டு. நான் டின்னைப் பாத்துச் சுடுவேன். வெடிச் சத்தமும் தகரச் சத்தமும் சேந்து வந்தா, பன்னி மலையேறித்தான் நிக்கும். விடிஞ்சா ஊர்ச்சனம் வந்து டின்னுல ஓட்டையை எண்ணும். 'கரியப்பன் குறி தப்பாது'ன்னு பேசும். அவரு மீசைய நீவிக்குவாரு. பாக்க நல்லாத்தான் இருக்கும், நான் எதுக்குக் கெடுக்கோணும்?"

"நான் படிப்பு முடிச்சு வந்து காட்டைப் பாத்தப்ப இதெல்லாம் இல்லையே?" என்றான் சிவகுமார்.

"அப்பத்தான் கம்பி வேலி போட்டாச்சே. ரெட்டைக்குழலு பொட்டிக்குள்ள போயிருச்சு. இப்ப வேலி துருப்புடிச்சு வுழுந்திருச்சு, பன்னி திரும்பி வந்திருச்சு."

மீனா கட்டையின் அறுத்த முனையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு இழை பிசகாத அறுப்பு. அவள் தொழிற்சாலையில்கூட 'பாஸ்' வாங்கும். "இதை யாரும்மா அறுத்தது?"

"உங்கப்பாருதான். புதுசுல எனக்குத் தோளெல்லாம் கன்னிப்போச்சு. என்னைய நிக்கவெச்சு, கையில நூலு புடிச்சு அளவெடுத்தாரு. ஒரு பகல் பூரா உக்காந்து அறுத்தாரு. சோத்துக்குக்கூட எந்திரிக்கல."

பிறகு மீனா மெல்லக் கேட்டாள். "அப்போ அந்த போர்டுல..."

"போர்டுல தப்பு ஒண்ணில்ல, ரெண்டு. நான் வாயத் தொறந்தனா? ஒரு தப்புக்கு நீ பதினாலு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே!"

*

"இப்போ கணக்கு மாறுது," என்றார் நயாஸ் சாகேப், படிவத்தை இன்னொரு முறை அடித்தபடி. "அறுத்த கட்டை மத்தவங்களுக்குக் குறை. சரியான தோளுக்குக் குறையே இல்ல. அம்மாவுக்குன்னா அறுபது. யார் பேரு எழுதறது?"

"அம்மா!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"வேணுங்கறவங்கன்னுதான் உங்கப்பாரு சொன்னாரு. சிவகுமாருன்னு சொல்லல," என்றாள் மல்லம்மா. உடனே குரலை மாற்றினாள். "அதென்னுங் சாகேபு, அறுபதா? அறுத்த கட்டை. மாத்துன ஆணி. எடது விசை எப்பவுமே கெட்டி. நாப்பத்தஞ்சு போடுங்கோ."

நயாஸ் சாகேப் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "அப்பாடா! காலைலேர்ந்து இப்பத்தான் என் கடைக்கு வாங்குற ஆள் வந்திருக்கு!"

"அம்மா கேட்டதுக்கே கொடுங்க சாகேப்," என்றாள் மீனா.

"விக்கிறவங்க பேசாம இருங்க. உங்க ரெண்டு பேருக்கும் வியாபாரமே தெரியல." அவர் மல்லம்மாவிடம் குனிந்தார். "வெளியாளுக்குச் சொன்ன அதே ஐம்பது. அதுக்குக் கீழே ஒரு ரூபாய் இறங்கினா அது நியாய வெலை இல்ல."

"டீக் காசு?"

"அது என் செலவு."

"செரி, எழுதுங்கோ."

எழுதினார். "ஒண்ணே ஒண்ணு பாக்கி. லைசென்ஸ் உங்க பேருக்கு வரணும்னா, துப்பாக்கி கையாளத் தெரியும்னு காட்டணும். வர்ற வியாழக்கிழமை போலீஸ் மைதானத்துல ஏற்பாடு பண்றேன். தூரத்துல ஒரு தகடு வெப்பாங்க. அதுல அடிக்கணும்."

"தகடுதானே?" என்று சிரித்தான் சிவகுமார். "அம்மாவுக்கு அது அல்வா!" போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்கே ஓடினான். "மாப்ள! சுரேந்தர் மாப்ளைங்களா? நாந்தானுங் சிவகுமாரு!" என்று அவன் கத்தியதில், எதிர்க்கடைக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார்.

மல்லம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். படிவத்தைக் கையில் எடுத்து எட்டப் பிடித்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் எட்ட. பிறகு தலையைச் சாய்த்து, வலது கண்ணை மூடிக்கொண்டு.

"கையெழுத்துக் கோடு எங்க இருக்குது கண்ணு?" என்று மீனாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

கறுப்பாக, தடியாக, அவள் கட்டைவிரலுக்கு நேர் கீழேயே இருந்தது கோடு.

மீனாவுக்குச் சிரிப்பு நின்றது. "அம்மா... வலது கண்ணு? குறி பாக்கிற கண்ணாச்சே?"

"கத்தாத. ஒரு வருசமாப் புகையாட்ட இருக்குது, எடதும் மங்கல்தான். உங்கண்ணனுக்குத் தெரியாது."

மீனா அம்மாவின் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தாள். மல்லம்மா கையெழுத்துப் போட்டாள், அழகாக, கோணாமல். வெளியே தெருவில் சிவகுமாரின் குரல் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாங் மாப்ள, நம்ம அம்மாதான்! வியாழக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்துருங்கோ. சொந்தக்காரங்க எல்லாத்தையும் கூட்டியாறேன். குறி தப்பவே தப்பாது!"